மனேச்சருக்கு எவ்வளவு குடுக்கலாம்? சங்கம் நடத்துகிறவர்களுக்கு ஒரு கணக்கு வழி

போன மாதம் மல்லாவிப் பக்கத்தில் இருந்து மூன்று பெண்கள் பஸ் ஏறி வட்டக்கச்சிக்கு என் வீடு தேடி வந்தார்கள். கச்சான் (நிலக்கடலை) செய்கிறவர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம் ஒன்றின் தலைவி, செயலாளர், பொருளாளர். தேத்தண்ணி குடித்து முடிக்கும் முன்னமே தலைவி கேட்டுவிட்டா: "அக்கா, நாங்கள் ஒரு மனேச்சரை எடுக்கப் போறம். எவ்வளவு சம்பளம் குடுக்கலாம்? ஒரு தொகையைச் சொல்லுங்கோ."

நான் தொகை சொல்லவில்லை. கொப்பி ஒன்றை எடுத்து வந்து, "முதல் உங்கட கணக்கைச் சொல்லுங்கோ" என்றேன். அன்று பின்னேரம் வரை இருந்து நாலு பேருமாகப் போட்ட கணக்கைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். பால் உற்பத்தியாளர் சங்கம் ஒன்றில் ஏழு வருடம் பொருளாளராகவும் நாலு வருடம் தலைவியாகவும் இருந்தவள் நான். அந்தக் காலத்தில் மூன்று முகாமையாளருக்குச் சம்பளம் நிர்ணயித்தோம். முதல் இரண்டு தடவையும் பிழையாகப் போனது. அந்தப் பிழைக்கு விலை கொடுத்தது விடியக்காலையில் பால் கறந்து கொண்டு வந்த சனம். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கொழும்புக் கம்பனிகளில் பிரதம நிறைவேற்று அதிகாரி என்பார்கள். எங்கள் பக்கத்தில் எழுத்தில் முகாமையாளர், வாயில் மனேச்சர். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: சங்கத்தின் நிர்வாக சபை எடுத்த முடிவை நாளாந்தம் நடத்திக் காட்டுவது, நடந்ததை நல்லது கெட்டது மறைக்காமல் சபைக்கு வந்து சொல்வது.

முதலில் வேலையை எழுதுங்கள்

சம்பளத்தைப் பேசுவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் சபை முடிவெடுக்கும் விஷயங்கள், வலப்பக்கம் முகாமையாளர் தானே முடிவெடுக்கும் விஷயங்கள். வலப்பக்கத்தில் நாலு வரிக்கு மேல் எழுத வராவிட்டால் உங்களுக்குத் தேவை முகாமையாளர் இல்லை, நல்ல லிகிதர் ஒருவர். அந்தச் சம்பளம் வேறு.

எங்கள் முதல் முகாமையாளர் காலத்தில் இந்தத் தாள் இருக்கவில்லை. அப்போதைய தலைவர் காலையில் வந்து முகாமையாளரின் கதிரையில் இருப்பார். காசோலையைத் தானே எழுதுவார், பால் லொறிக்காரரோடு தானே விலை பேசுவார். முகாமையாளர் பக்கத்தில் நின்று பற்றுச்சீட்டுக் கிழித்துக் கொடுத்தார். வருட முடிவில் நட்டம் வந்தபோது மட்டும் அவரைக் கூப்பிட்டு "நீர்தானே மனேச்சர்" என்றார்கள். அதிகாரம் ஒருவரிடமும் பொறுப்பு இன்னொருவரிடமும் இருந்தால் எந்தச் சம்பளமும் பொருந்தாது. சின்னத் தொகை என்றாலும் அது வீண் காசு.

இந்த இரண்டு கதிரையும் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் குஜராத்தில் ஆனந்த் என்ற ஊர். கைரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் 1946இல் தொடங்கியது. பின்னாளில் அமுல் என்று உலகம் அறிந்தது அதைத்தான். தலைவர் திரிபுவன்தாஸ் பட்டேல் விவசாயிகளின் ஆள். 1949இல் ஆனந்துக்கு வந்த வர்கீஸ் குரியன் பொறியியல் படித்த இளைஞர், சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட முகாமையாளர். தலைவர் ஊர் ஊராகப் போய் விவசாயிகளை ஒன்றாக வைத்திருந்தார். முகாமையாளர் பாற்பண்ணையை நடத்தினார். ஒருவர் கதிரையில் மற்றவர் ஏறவில்லை.

எங்கள் தாள் இப்போது இப்படி இருக்கிறது. 25,000 ரூபா வரை முகாமையாளர் தனியே செலவழிக்கலாம். அதற்கு மேல் பொருளாளரின் கையெழுத்தும் வேண்டும். இரண்டு இலட்சத்துக்கு மேல் சபைத் தீர்மானம். லீற்றருக்கு உற்பத்தியாளருக்கு என்ன விலை என்பதைச் சபை தீர்மானிக்கும். பால் சேகரிக்கும் பெடியனை யார் என்று முகாமையாளர் தீர்மானிப்பார். பாலைச் சோதித்து எடுப்பதும் திருப்புவதும் முழுக்க முகாமையாளரின் வேலை, சபை உறுப்பினர் எவரும் அதில் கை வைக்கக் கூடாது. இந்தக் கடைசி வரியை எழுதி இரண்டாம் கிழமையே சபை உறுப்பினர் ஒருவரின் பால் திரும்பிப் போனது. அவர் நேரே என் வீட்டுப் படலைக்கு வந்தார். நான் அவருடைய கையெழுத்தும் இருந்த அந்தத் தாளைக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

லீற்றர்க் கணக்கு

"இவ்வளவு கேட்கிறார், கொடுக்கலாமா?" என்று சபையில் கை உயர்த்தச் சொல்லாதீர்கள். அந்தத் தொகையை உறுப்பினரின் பொருளாக மாற்றிப் பாருங்கள். பால் என்றால் லீற்றர், நெல் என்றால் மூடை, கச்சான் என்றால் கிலோ.

அடிப்படைச் சம்பளம் 90,000 என்று வைப்போம். சங்கத்துக்கு அது 90,000 இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு வேலைகொள்வோர் பங்கு 12 வீதம்: 10,800. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம்: 2,700. பணிக்கொடை, சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். அதை மாதத்துக்குப் பிரித்து ஒதுக்கினால் 3,750. எல்லாம் கூட்டினால் 107,250 ரூபா. முகாமையாளரின் பக்கத்தில் இருந்து பார்த்தால் 8 வீதம், அதாவது 7,200 ரூபா, சேமலாப நிதிக்குக் கழிந்து 82,800 கைக்கு வரும். பேசும்போது நீங்கள் 107,250ஐ மனதில் வைத்துப் பேசுகிறீர்கள், அவர் 82,800ஐ மனதில் வைத்துக் கேட்கிறார். இரண்டு தொகையையும் ஒரே தாளில் எழுதி இருவரும் பார்த்தால் பாதி மனத்தாங்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

பணிக்கொடை பற்றி ஒரு சொல். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தியான ஊழியருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். எங்களிடம் 11 பேர்தான் வேலை செய்கிறார்கள். என்றாலும் நாங்கள் மாதாமாதம் ஒதுக்குகிறோம். பத்து வருடம் உழைத்த ஒருவரை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனம் வராது.

இனி லீற்றருக்கு வருவோம். எங்கள் சங்கத்துக்கு வருவது நாளுக்கு 1,400 லீற்றர், மாதம் 42,000. 107,250ஐ அதால் வகுத்தால் லீற்றருக்கு 2 ரூபா 55 சதம். நாளுக்கு ஆறு லீற்றர் ஊற்றுகிற ஒரு அம்மா மாதம் 180 லீற்றர் தருவா. அவ முகாமையாளருக்காக மாதம் கொடுப்பது 459 ரூபா.

இந்த 459ஐக் கொப்பியில் பெரிதாக எழுதிக் கோடிடுங்கள். மற்றக் கேள்வி எல்லாம் இதற்குப் பிறகுதான். அந்த அம்மாவுக்கு 459 ரூபாக்கு மேல் இந்த ஆளால் வருமானம் கூடுமா? பால் திரும்பி வருவது குறைந்தால், காசு நாள் தவறாமல் வந்தால், மாட்டு வைத்தியர் நேரத்துக்கு வந்தால் கூடும். கூடும் என்று சபை நம்பினால் தயங்காமல் கொடுங்கள்.

பக்கத்தைப் பார்த்து விலை வைப்பது

எல்லாரும் செய்கிற வேலை இது, மற்ற இடத்தில் எவ்வளவு என்று விசாரிப்பது. விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் யாரை விசாரிக்கிறோம் என்பதில் கவனம் தேவை.

மீள்குடியேறிய பிறகு, 2010க்குப் பின், ஏ9 வீதி நிறையத் தொண்டு நிறுவன வாகனங்கள் ஓடின. திட்டங்கள் வந்தன, திட்டத்தோடு சம்பளமும் வந்தது. எங்கள் இரண்டாவது முகாமையாளருக்கு முதல் இரண்டு வருடச் சம்பளத்தை ஒரு திட்டம்தான் கொடுத்தது. நாங்கள் சந்தோஷப்பட்டோம், அந்தத் தொகை சங்கத்தின் பாலில் இருந்து வரவில்லை என்பதை மறந்துவிட்டோம். திட்டம் முடிந்த மாதம், அதே தொகையைச் சங்கத்தால் கொடுக்க முடியாது என்று நானே அவரிடம் சொல்ல வேண்டி வந்தது. பிள்ளைகளை அந்தச் சம்பளத்தை நம்பி ரியூஷனுக்கு விட்டிருந்த மனிசன். வெளிக்காசில் சம்பளம் வருகிறது என்றால், அது நின்ற அடுத்த மாதம் சங்கம் எவ்வளவு கொடுக்கும் என்பதை முதல் நாளே நியமனக் கடிதத்தில் எழுதுங்கள்.

மற்றப் பக்கத்துப் பிழையும் உண்டு. "எங்கட சனத்துக்குச் செய்யிற வேலைதானே, சேவை மனப்பான்மையோட செய்யட்டும்" என்று சபையில் ஒரு குரல் கட்டாயம் எழும். எங்கள் முதல் முகாமையாளருக்கு அப்படித்தான் கொடுத்தோம், குடும்பம் நடத்தப் போதாத தொகை. அவர் வீட்டு முன்னால் ஒரு கொட்டில் போட்டு, எங்கள் உறுப்பினர்களுக்கே புண்ணாக்கும் தவிடும் விற்கத் தொடங்கினார். கடன் வாங்கியவர்களின் பாலைச் சோதிக்காமல் எடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போதாத சம்பளம் கொடுத்து அந்தக் கொட்டிலைப் போடவைத்தது நாங்கள்.

ஆகவே ஒப்பிடுவதற்கு ஐந்து இடம் எடுங்கள். உங்கள் அளவுள்ள இரண்டு சங்கம், ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், ஒரு தனியார் பால் சேகரிப்பு நிலையம், அரச சேவையில் அதே பொறுப்புள்ள ஒரு உத்தியோகத்தரின் சம்பளத் திட்டம். சம்பளத்தை மட்டும் கேட்காமல் மோட்டார் சைக்கிள், எரிபொருள், போன் காசு, போனஸ் எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். கிடைத்த ஐந்தையும் வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதைப் பாருங்கள். அதோடு இன்னொன்றும் நடக்கும்: "எங்கட ஆள் சராசரி ஆளோ? கொஞ்சம் மேலே போடுவம்" என்று யாராவது சொல்வார்கள். ஒவ்வொரு சபையும் தன் ஆளை நடுவுக்கு மேலே வைத்தால் அடுத்த வருடம் நடுவே மேலே போய்விடும். உலகத்துப் பெரிய கம்பனிகளில் தலைமைச் சம்பளம் ஏறிய வழிகளில் இதுவும் ஒன்று. அமெரிக்காவின் பொருளாதாரக் கொள்கை நிறுவனம் போட்ட கணக்கில், பெரிய கம்பனித் தலைவரின் வருமானம் 1965இல் சாதாரண ஊழியரைப் போல 21 மடங்கு. 2023இல் 290 மடங்கு. எங்கள் வன்னிச் சங்கத்துக்கு அந்தத் தொகை தூரமாக இருக்கலாம். ஏறிய வழி எங்கள் கூட்ட அறைக்குள்ளும் இருக்கிறது.

போனஸ்: இங்கேதான் நாங்கள் ஆகப் பெரிய பிழை விட்டோம்

திட்டக் காசு நின்ற பிறகு சம்பளத்தைக் குறைத்து, குறைத்த இடத்தை நிரப்ப இரண்டாவது முகாமையாளருக்கு லீற்றருக்கு 50 சதம் கொமிசன் என்று தீர்மானித்தோம். கூடப் பால் சேர்த்தால் அவருக்கும் நல்லது, சங்கத்துக்கும் நல்லது என்று நினைத்தோம். மூன்று மாதத்தில் 900 லீற்றர் 1,300 ஆனது. பொதுச்சபையில் கை தட்டினோம்.

மாரி தொடங்கிய நேரம் வாங்குகிற கம்பனியிடம் இருந்து கடிதம் வந்தது. கொழுப்பு குறைகிறது, கொழுப்பற்ற திண்மம் குறைகிறது, விலை குறைப்போம் என்று. மறுநாள் விடிய ஐந்தரைக்கு ரோச் லைற்றோடு குளக்கட்டுப் பக்கத்துச் சேகரிப்பு நிலையத்துக்குப் போனேன். பால் எடுக்கிற பெடியன் உயரமான குவளையில் பாலை நிரப்பி, தண்ணி கலந்தால் காட்டிக் கொடுக்கிற பால்மானியை மெதுவாக இறக்கினான். நல்ல பசுப்பாலில் அது 28க்குக் கிட்ட நின்று ஆடும். அன்று நிற்கவில்லை. தாழ்ந்து தாழ்ந்து போய் 23இல் நின்றது. குவளை விளிம்பில் பால் நீலம் பாரித்த மாதிரி மெல்லிசாகத் தெரிந்தது. பெடியன் ஒருக்கா என் முகத்தைப் பார்த்தான். பிறகு குவளையைத் தூக்கிப் பால் கானுக்குள் ஊற்றினான்.

"ஏன் தம்பி எடுத்தனீர்?"

"மனேச்சர் ஐயா 22 வரைக்கும் எடுக்கச் சொன்னவர் அன்ரி."

அந்தப் பெடியனில் பிழை இல்லை. முகாமையாளரிலும் முழுப் பிழை இல்லை. லீற்றருக்குத்தான் காசு என்று எழுதிக் கொடுத்தது நாங்கள். அவர் லீற்றரைக் கொண்டு வந்தார். தண்ணி கலக்காத வீடுகளுக்கும் சேர்த்து விலை குறைந்தது, அதைத்தான் என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. எட்டு மாதம் எடுத்தது பழைய விலைக்கு வர.

பெரிய இடங்களிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கியில் இத்தனை கணக்குத் திறக்க வேண்டும் என்று இலக்குக் கொடுத்தார்கள். ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குத் திறந்தார்கள். 2016இல் விஷயம் வெளிவந்தபோது 185 மில்லியன் டொலர் தண்டம், வேலையால் நிறுத்தப்பட்டவர்கள் 5,300 பேர். தலைமை நிறைவேற்று அதிகாரியிடம் இருந்து 41 மில்லியன் டொலர் பெறுமதியான பங்குகளை வங்கி திரும்ப எடுத்தது, அவரும் பதவி விலகினார். அதே நாட்டில் 1993இல் இன்னொரு பாடம்: தலைவர்களின் சம்பளத்தில் 10 இலட்சம் டொலருக்கு மேல் போவதை வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று சட்டம் கொண்டு வந்தார்கள். செயல்திறனுக்காகக் கொடுப்பதற்கு மட்டும் விலக்கு. உடனே சம்பளம் கம்பனிப் பங்கை வாங்கும் உரிமையாக உருமாறி அந்த வாசலால் போனது. 2017இல்தான் அந்த விலக்கை எடுத்தார்கள். ஒரு வாசலைத் திறந்து வைத்தால் காசு அந்த வாசலாலேயே போகும். எழுதும்போது இதை நினையுங்கள்.

இப்போது எங்கள் முறை இது. போனஸ் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போகாது. ஒரே ஒரு எண்ணில் தொங்காது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை உறுப்பினர் கணக்குக்குக் காசு நாள் தவறாமல் போயிருக்க வேண்டும், கம்பனி திருப்பிய பால் போன வருடத்தை விடக் கூடியிருக்கக் கூடாது, கணக்காய்வில் பெரிய குறை வந்திருக்கக் கூடாது. ஒன்று தவறினாலும் அந்த வருடம் இல்லை. பாதியைக் கணக்காய்வு அறிக்கை வந்த பிறகு கொடுக்கிறோம். மற்றப் பாதியை அடுத்த வருட அறிக்கைக்குப் பிறகு. இந்தக் கணக்குப் பிழை என்று பின்னால் தெரிந்தால் கொடுத்ததைத் திருப்பி எடுக்கலாம் என்றும் கடிதத்தில் இருக்கிறது. இந்த மூன்றிலும் லீற்றர் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். முகாமையாளர் ஒழுங்காக இருந்தால் பால் தானாக வரும். எங்களுக்கு வந்தது.

மேலேயும் கீழேயும்

கான் கழுவுகிற பெண்ணின் சம்பளத்துக்கும் முகாமையாளரின் சம்பளத்துக்கும் எத்தனை மடங்கு இடைவெளி விடலாம் என்பதைச் சங்கம் எழுதி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் மொண்ட்ராகன் என்ற ஊரில் 1956இல் தொடங்கிய தொழிலாளர் கூட்டுறவுகள் தொடக்கத்தில் மூன்று மடங்கு என்று வைத்தன. வளர்ந்த பிறகு ஆறு மடங்கு அளவுக்குப் போனது. சுவிற்சர்லாந்தில் 12 மடங்குக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் போடலாமா என 2013 நவம்பரில் மக்களிடமே கேட்டார்கள். 65 வீதமானோர் வேண்டாம் என்றார்கள். அதே வருடம் மார்ச் மாதம், பங்குக் கம்பனித் தலைமையின் சம்பளத்தில் பங்குதாரரின் வாக்கு கட்டாயம் என்பதற்கு மட்டும் பெரும்பான்மை கொடுத்திருந்தார்கள். இந்தியாவின் 2013 கம்பனிச் சட்டத்தில் 197ஆம் பிரிவு, பங்குச் சந்தையில் உள்ள கம்பனிகள், இயக்குநரின் சம்பளம் வரிசையின் நடுவில் இருக்கும் ஊழியரின் சம்பளத்தைப் போல எத்தனை மடங்கு என்று அறிக்கையில் சொல்ல வேண்டும் என்கிறது.

எங்கள் சங்கத்தில் நாலு மடங்கு மேல் எல்லை. இன்றைக்கு 36,000க்கு 90,000, இரண்டரை மடங்கு. 2026 ஜனவரியில் இருந்து நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா என்பதால் அதற்குக் கீழே யாரையும் வைக்க முடியாது. இந்த விதியால் நடந்த நல்லது ஒன்று: முகாமையாளரின் சம்பளத்தைக் கூட்டுகிற ஒவ்வொரு கூட்டத்திலும் கீழே இருப்பவரின் சம்பளமும் மேசைக்கு வருகிறது. முன்பெல்லாம் அது வந்ததே இல்லை.

ஒரு கள்ள வழியை அடையுங்கள். துப்புரவுப் பெண்ணை "நாட்கூலி" என்று வேறு கொப்பியில் போட்டால் மடங்கு அழகாகக் குறைந்து தெரியும். நாட்கூலிக்கு வருகிறவரையும் முழு மாதத்துக்குப் பெருக்கிக் கணக்கில் எடுங்கள்.

கூட்டமும் கடிதமும்

சம்பளத்தைப் பேச மூன்று பேர் போதும், முழுச் சபை வேண்டாம். அவர்களின் பரிந்துரையைச் சபை தீர்மானமாக எடுக்கட்டும். பேசும்போது முகாமையாளர் வெளியே இருக்க வேண்டும். அவருக்குச் சொந்தக்காரர் சபையில் இருந்தால் அவரும் வெளியே. எங்கள் ஊரில் மூன்று தலைமுறை பின்னால் போனால் எல்லாரும் சொந்தம்தான். அதனால் மச்சான் வரைக்கும் என்று எல்லை வைத்தோம். வெளியே போனவரின் பெயரைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். பதிவு செய்த கூட்டுறவுச் சங்கம் என்றால் கூட்டுறவுத் திணைக்களத்தின் விதிகளும் கூட்டுறவு ஊழியர் ஆணைக்குழுவின் விதிகளும் உங்களைக் கட்டுப்படுத்துமா என்று உதவி ஆணையாளர் அலுவலகத்தில் முதலே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

நியமனக் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம், எரிபொருளுக்கு மாதத்தில் அதிகபட்சம், மோட்டார் சைக்கிள் யாருடையது, லீவு, விலக இரு தரப்பும் எத்தனை மாத அறிவித்தல், போனஸ் விதி எல்லாம் இருக்கட்டும். சேமலாப நிதியைக் குறைக்கச் சம்பளத்தைத் துண்டு துண்டாகக் "கொடுப்பனவு" என்று பிரிக்காதீர்கள். வாழ்க்கைச் செலவுப் படிக்கும் நிதி கட்ட வேண்டும். பிரித்து மறைத்தால் ஒரு நாள் தண்டத்தோடு வரும். வயதான காலத்தில் அந்த ஆளுக்குக் கிடைக்க வேண்டியதையும் நாங்கள் குறைக்கிறோம்.

இனி பொதுச்சபை. தொகையை அங்கே வாயால் சொல்லுங்கள். கொழும்புப் பங்குச் சந்தைக் கம்பனிகள்கூட முக்கிய முகாமையாளர்களுக்குக் கொடுத்ததை மொத்தமாகவேனும் ஆண்டறிக்கையில் காட்டுகின்றன. மூன்றாவது முகாமையாளரை எடுத்த வருடம் நான் மைக்கைப் பிடித்து, மாதம் சங்கத்துக்கு ஆகும் செலவு இவ்வளவு, ஆறு லீற்றர் தருகிறவருக்கு மாதம் 459 ரூபா என்று வாசித்தேன். மண்டபம் அமைதியாகிவிட்டது. பின்வரிசையில் இருந்து ஒரு ஆச்சி எழும்பினா. இரண்டு மாடு வைத்திருக்கிறவ.

"அந்த நானூற்றைம்பத்தொன்பது ரூபாக்கு இந்தப் பிள்ளை எனக்கு என்ன செய்யுது?"

முகாமையாளர் எழும்பி நின்றா. பதில் சொல்லும்போது குரல் கொஞ்சம் நடுங்கியது. "ஆச்சி, முதலாம் திகதியும் பதினாறாம் திகதியும் உங்கட புத்தகத்தில காசு விழும். போன மாசம் உங்கட சிவப்பிக்கு மடிவீக்கம் வந்தப்ப நான்தான் டொக்டரைக் கூட்டிவந்தன். உங்கட பால் ஒருநாளும் திரும்பி வரேல்ல."

ஆச்சி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப சரி. திகதி மட்டும் பிந்தக் கூடாது" என்று சொல்லி இருந்துவிட்டா. அந்த வருடம் தீர்மானத்துக்கு எதிராக ஒரு கைகூட எழும்பவில்லை.

மல்லாவிக் கணக்கு

அந்த மூன்று பெண்களுக்கும் போட்ட கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அடிப்படைச் சம்பளம் 60,000 கொடுக்க நினைத்து வந்திருந்தார்கள். சேமலாப நிதி 7,200, நம்பிக்கை நிதியம் 1,800, பணிக்கொடை ஒதுக்கீடு 2,500. மாதம் 71,500, வருடம் 858,000 ரூபா. அவர்கள் வருடத்தில் சேர்ப்பது 48,000 கிலோ கச்சான். கிலோவுக்கு 17 ரூபா 88 சதம். உடைத்து, தரம் பிரித்து விற்பதில் சங்கத்துக்கு மிஞ்சுவது கிலோவுக்கு 25 ரூபா. சாக்கு, லொறிக் கூலி, கட்டட வாடகை எல்லாம் அதற்குள்தான்.

பொருளாளர் பிள்ளை பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. "தாங்காது அக்கா."

வேலைத் தாளை எடுத்தோம். வலப்பக்கத்தில் எழுதியதில் பாதி, அறுவடை முடிந்த நாலு மாதத்துக்குரிய வேலை. மிச்சம் கணக்கு எழுதுவது. அவர்களின் கிராமத்துக்கு அடுத்ததாக இன்னொரு கச்சான் சங்கம் இருக்கிறதாம், அவர்களுக்கும் முகாமையாளர் இல்லை. இரண்டு சங்கமும் சேர்ந்து ஒருவரை எடுத்தால் இவர்கள் பங்கு கிலோவுக்கு 8 ரூபா 94 சதம். எந்தக் கிழமை எந்தச் சங்கத்தில் இருப்பார், இரண்டு சபையும் முரண்பட்டால் யார் சொல் எடுபடும் என்பதை இரண்டு தலைவியும் கையெழுத்திட்டு எழுத வேண்டும் என்று சொன்னேன். செயலாளர் அதைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டா. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தலைவி படலையில் நின்று, "வாற ஞாயிறு அந்தச் சங்கத்துத் தலைவி வீட்டுக்குப் போறம் அக்கா, இந்தத் தாளை ஒரு கொப்பி அடிச்சுத் தாங்கோ" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனா.